தலைகள் வரும் மாதம்

நவம்பரில் தலைகள் வரும்
கறுப்புக் குப்பைப் பைகளில்.
பைக்கு ஒரு சீட்டு:
எந்தக் காட்டோரம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா,
சுட்டவர் பெயர்.
மானிடோபாவில், ரோஸ்பர்ன் ஊராட்சியின் டிராக்டர் கொட்டகையில்
ஒரு மேசை, மூன்று கத்தி,
என் முழங்காலை மட்டும் சூடாக்கும் ஹீட்டர்.

எல்க் என்கிறார்கள்.
நம் மிளாவுக்குப் பெரியப்பா மகன்,
குதிரை உயரம்.
என் கத்திக்கோ அது நாலைந்து நெறிக்கட்டி,
தொண்டைக்குப் பின்னே, தாடைக்குக் கீழே.
கொட்டைப்பாக்கு அளவில் வழுக்கினால் நல்ல சேதி.
எலுமிச்சையாய் வீங்கி
உள்ளே மஞ்சள் பாலாடை உதிர்ந்தால்,
மணலை அறுப்பதுபோல் கத்தி கரகரத்தால்,
யாரிடமும் பேசாமல் போய்க் கையுறை மாற்றுவேன்.

ஓரெஸ்ட் ஹ்ரின்சுக் இன்றும் வந்து
வாசலிலேயே நின்றார், பூட்ஸில் பனியோடு.
நூற்று நாற்பது மாடு அவருக்கு.
ஒன்றையும் விற்கக்கூடாது, நகர்த்தக்கூடாது
என்று கதவில் ஒட்டியிருக்கிறது காகிதம்.
"காட்டு மிருகம் மாட்டு நோயைச் சுமக்குமா?
ஒரே வார்த்தையில் சொல்."

சுமக்கும்.

பிப்ரவரியில் காட்டில் ஒன்றும் இருக்காது.
பசித்த எல்க் உங்கள் வைக்கோல் உருளையை
அந்தப் பக்கம் இழுக்கும்.
அதன் எச்சில் தாளில் உறையும்.
விடிந்ததும் இந்தப் பக்கம்
உங்கள் சினைப்பசு வாய் வைக்கும்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்கவே வேண்டாம்.

"அப்படியானால் அதுதான்" என்றார்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று
எப்படி அவர் மொழியில் சொல்வது?
முதலில் இருமியது காடு அல்ல.
கப்பலேறி, ரயிலேறி வந்த மாடு
இந்த மலைக்குள்ளேயே மேய்ந்த காலம் ஒன்று உண்டு.
அது கொடுத்ததைத்தான் இது வைத்திருக்கிறது,
வட்டியோடு திருப்புகிறது.

அவரே சொன்னார், கொஞ்ச நேரம் கழித்து:
"என் தாத்தா வந்ததும் அந்த ரயில்தான்."

எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.
விசாவுக்கு முன் சென்னையில் ஒரு கிளினிக்.
சட்டையைக் கழற்று, தகட்டில் நெஞ்சை ஒட்டு,
மூச்சை இழு, பிடி,
பிடித்துக்கொண்டே இரு.
என் நுரையீரல் சுத்தம் என்று
இந்த நாட்டுக்கு முதலில் வந்தது ஒரு படம்.
அப்புறம்தான் நான்.

அடுத்த பையை அவிழ்த்தேன்.
சீட்டில் அவர் பெயர்.
இடம்: என் வைக்கோல் போரின் வடக்கு ஓரம்.
தேதி: நேற்று.

அந்த முகத்தை எப்படி எழுத?
நோய் இருந்தால், கள்ளன் கையும் களவுமாக அகப்பட்டான்.
ஆனால் கள்ளன் தின்ற அதே உருளையில்
நூற்று நாற்பது வாயும் தின்றிருக்கிறது.
இல்லையென்றால் மாடு பிழைக்கலாம்,
கோபம்தான் போக்கிடம் இல்லாமல் வீட்டுக்கு வரும்.
எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

இடது கட்டி கொஞ்சம் பெரிது.
கொஞ்சம்தான்.
கத்தி கரகரக்கவில்லை; வழுக்கவும் இல்லை.
சீசாவில் போட்டு மூடினேன்.
"எட்டு வாரம் ஆகும். வளர்த்துப் பார்க்க வேண்டும்."
"வளர்த்து," என்றார்,
கன்றைப்பற்றிப் பேசும் குரலில்.

போகும்முன் கேட்டார்:
மேல்தாடையில் தந்தம்போல் இரண்டு பல் இருக்குமே,
டார்லீனுக்குத் தோடு செய்ய.
விதி அனுமதிக்கிறதா என்று நான் தேடவில்லை.
பிடுங்கி, பிளீச்சில் போட்டு,
பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன்.
சூடு ஆறும்வரை
இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக
மாற்றிக்கொண்டே நின்றார்.

வெளியே அவர் லாரியில்
எட்டடிக் கம்பி வேலிச் சுருள் பன்னிரண்டு,
இன்னும் பிரிக்காமல்.